படிச்சு முடிச்சாச்சா?

வணக்கம். ஓய்வு நேரத்தைப் பற்றி வானொலியில் கொஞ்சம் பேசுங்கள் என்று கேட்டார்கள், யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். எப்போதோ வரப்போகிற தேதிதானே, அதற்குள் எல்லா வேலையும் முடிந்து காற்றாட உட்கார்ந்திருப்பேன் என்று ஒரு நினைப்பு. தேதி வந்தது, வேலைகள் அப்படியேதான் இருக்கின்றன.

இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை என்பதில் ஓர் ஆறுதல். கால் ஸாபர்மன், ஜான் லிஞ்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005 இல் இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். பணத்தில் நாம் அவ்வளவாக ஏமாறுவதில்லை, இன்றைக்குக் கை எப்படி இருக்கிறதோ கிட்டத்தட்ட அப்படித்தான் பிறகும் இருக்கும் என்று தெரிந்துவைத்திருக்கிறோம். நேரத்தில்தான் கோட்டை விடுகிறோம். இந்த வாரம் மூச்சு விட நேரம் இல்லை, ஆனால் அடுத்த மாதம் மட்டும் ஏனோ ஆற அமர இருக்கப்போகிறோம் என்று மனசு அடித்துச் சொல்கிறது. அதனால் யார் எதற்குக் கூப்பிட்டாலும், நாள் தள்ளியிருந்தால் போதும், தலையை ஆட்டிவிடுகிறோம். அந்த நாள் வரும்போது, அதுவும் இன்னொரு இந்த வாரமாகத்தான் வருகிறது.

இப்போதெல்லாம் யாராவது கூப்பிட்டால் மனசுக்குள் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இது நாளைக்கே என்றால் போவேனா? போவேன் என்றால் சரி. போகமாட்டேன் என்றால் அடுத்த மாதமும் போகப் பிடிக்காது. இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது சுலபம், அதை எதிரில் நிற்பவரிடம் சொல்வதுதான் கஷ்டம். முகதாட்சண்யம் என்று ஒன்று இருக்கிறதே.

சரி, போய்த்தான் ஆகிறோம். போகிற இடத்தில் பேச்சு நன்றாகவே இருக்கும், அதைக் குறை சொல்லவில்லை. எனக்குத் தாங்காதது கிளம்புகிற கட்டம். "அப்போ வரட்டுமா" என்று ஒருவர் எழுந்திருப்பார். எல்லோரும் எழுந்திருப்போம். எழுந்த பிறகுதான் அன்றைய பேச்சிலேயே முக்கியமான விஷயம் யாருக்கோ ஞாபகம் வரும். நின்றபடியே ஒரு சுற்று. பிறகு வாசல் வரைக்கும் நகர்ந்து அங்கே ஒரு சுற்று. ஒரு கால் செருப்புக்குள், இன்னொரு கால் வெளியே, ஒரு கை கதவுப் பிடியில், அந்த நிலையில் யாருக்கோ நடந்த அறுவை சிகிச்சையைப் பற்றி முழு விவரமும் கேட்டிருக்கிறேன். உட்கார்ந்திருந்தபோது இதைச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். சொல்லமாட்டார்கள். கிளம்பும்போதுதான் மனிதர்களுக்குப் பேச்சு வருகிறது, ஏனென்றால் அப்போதுதான் இது முடிந்துவிடும் என்ற தைரியம் இருக்கிறது. இதை நான் எங்கும் படிக்கவில்லை, வாசலில் நின்று நின்று கண்டுபிடித்தது.

நேரில் போவதாவது பரவாயில்லை. கைப்பேசிக்குள் இருக்கிற கடமைகள் வேறு ரகம். வாட்ஸாப்பில் 2014 நவம்பரில் அந்த நீல டிக் வந்தது. அதுவரைக்கும் "பார்க்கவே இல்லையே" என்று சொல்ல முடிந்தது, அன்றைக்கு அந்தச் சாக்கு போயிற்று. நிறையப் பேர் முணுமுணுத்த பிறகு அதை அணைத்துவைக்க வழி கொடுத்தார்கள். ஆனால் அணைத்துவைத்தால் மற்றவர்கள் படித்தார்களா என்பது நமக்கும் தெரியாது. நியாயமான பேரம்தான். குழுவிலிருந்து வெளியேறினால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு வரி விழும் என்ற பயத்திலேயே பலர் வருடக்கணக்காகக் குழுக்களில் கிடந்தார்கள். 2022 இல் சத்தமில்லாமல் விலகும் வசதி வந்தது, குழுவை நடத்துகிறவருக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும். நல்லது. ஆனால் பெரும்பாலும் குழுவை நடத்துகிறவருக்குப் பயந்துதான் நாம் அதில் இருக்கிறோம், அதை யோசிக்கவில்லை.

குரல் செய்தி என்று ஒன்று அனுப்புவார்கள். திறந்தால் முதல் பாதியில் "என்ன சொல்ல வந்தேன்னா" மட்டும்தான் இருக்கும், பின்னால் நாய் குரைக்கும், யாரோ கதவைத் தட்டுவார்கள், "இரு, வர்றேன்" என்று போய்த் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். அதையும் நாம் கேட்டுக்கொண்டிருப்போம். 2021 இல் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுகிற பொத்தான் வந்தது. அதைக் கொடுத்தவர்களுக்குப் புண்ணியம், ஒரு பேச்சை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிறோம் என்று பேசியவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் அதன் அழகு. வானொலியில் அது முடியாது, நீங்கள் என்னை இதே வேகத்தில்தான் கேட்டாக வேண்டும்.

இதற்கு நடுவில் காத்திருப்பு வேறு. மருத்துவரைப் பார்க்க, வங்கியில் ஒரு கையெழுத்துக்கு, எந்த நேரத்துக்கு வருவார் என்று சொல்லாத குழாய்காரருக்கு. டேவிட் மைஸ்டர் என்பவர் 1985 இல் காத்திருப்பின் உளவியலைப் பற்றி எழுதினார். அவர் சொன்னதில் இரண்டு எனக்குப் பிடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம், ஏதாவது செய்துகொண்டிருக்கும் நேரத்தைவிட நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்ததைவிட நீளமாகத் தெரியும். ஒரு மணி நேரம் ஆகும் என்று நேராகச் சொல்லிவிட்டால் நாம் எதையாவது எடுத்து விரித்து நிம்மதியாக உட்கார்ந்துவிடுவோம். "இதோ இப்ப கூப்பிட்டுடுவோம்" என்று சொல்லிச் சொல்லியே அந்த ஒரு மணி நேரத்தை ஓட்டுவதில்தான் ரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

இங்கேதான் புத்தகம் வருகிறது. என்னைப் பொறுத்தவரை புத்தகம் படிக்க நேரம் ஒதுக்க வேண்டும் என்கிற பேச்சே தப்பு. ஒதுக்கிய நேரத்தில் நான் படித்ததைவிட, யாரோ என்னைக் காக்கவைத்த நேரத்தில் படித்ததுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலை எதுவும் இல்லை, இன்றைக்கு நன்றாகப் படிக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் கொட்டாவிதான் வரும். அதே புத்தகத்தை டோக்கன் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், நம் எண்ணைக் கூப்பிடும்போது "அட, இன்னும் ரெண்டு பக்கம்தானே" என்று கோபம் வருகிறது. 1501 இல் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனுடியஸ் என்ற அச்சகக்காரர், மேசை மேல் கிடத்திப் படிக்க வேண்டிய இலக்கியங்களைக் கையில் அடங்குகிற அளவுக்குச் சின்னதாக அச்சடித்து விற்க ஆரம்பித்தார். காத்திருக்கிற மனிதர்களுக்கு அதைவிடப் பெரிய உதவியை அதற்குப் பிறகு யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். கைப்பேசியை எடுத்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் குழுதான்.

காத்திருக்கும்போது எதைப் படிப்பது என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. சிறுகதை ஒத்துவராது, சரியாகக் கடைசிப் பத்தியில் கூப்பிடுவார்கள். துப்பறியும் நாவல் சரியாக இருக்கும், எங்கே நிறுத்தினாலும் அது நம்மை விடாது. கவிதையை அந்த இடத்துக்கு எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம், பக்கத்தில் இருக்கிறவர் எட்டிப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பார்.

இவ்வளவு சொன்னது ஒரு விஷயத்துக்காக. நாள் முழுக்க யாருக்காகவோ சரி சொல்லி, யாருக்காகவோ நின்று, யாருக்காகவோ கட்டைவிரல் படம் போட்டு ஓடுகிறோம். படிப்பது ஒன்றுதான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத வேலை. அதற்குள்ளும் முகதாட்சண்யத்தை நாமாகவே கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்திருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

எப்படி வருகிறது என்றால், முதலில் இரவல் புத்தகமாக வரும். "நீங்க இதை அவசியம் படிக்கணும், உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு" என்று கையில் திணிப்பார்கள். கேட்டு வாங்கிய புத்தகம் வேறு, திணித்த புத்தகம் வேறு. திணித்த புத்தகம் வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து நம்மை முறைக்க ஆரம்பிக்கும். தலைமாட்டில் வைத்தால் தூக்கம் வராது, அலமாரியில் வைத்தால் மறைத்துவைத்த மாதிரி இருக்கும். நடுவில் நாம் ஆசையாக எடுத்த வேறொன்றைப் படிக்கும்போது, முடிக்க வேண்டியது ஒன்று இருக்கும்போது இது தேவையா என்று உள்ளே குத்தும். கொடுத்தவரைத் தெருவில் பார்த்தால் முதல் கேள்வி, "படிச்சு முடிச்சாச்சா?" அதற்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான், "போயிட்டிருக்கு." இதில் எழுதியவரே கொடுத்த புத்தகம் என்றால் கேட்கவே வேண்டாம். முதல் பக்கத்தில் அன்புடன் என்று கையெழுத்துப் போட்டிருப்பார், பழைய புத்தகக்காரரிடம் கூடப் போட முடியாது.

இரண்டாவது, எடுத்ததை முடித்தே ஆக வேண்டும் என்று நாமே போட்டுக்கொண்ட சட்டம். ஜோர்டன் எல்லன்பெர்க் என்ற கணிதப் பேராசிரியர் 2014 இல் வேடிக்கையாக ஒரு கணக்குப் போட்டார். மின்நூல் படிப்பவர்கள் பிடித்த வரிகளில் கோடு போடுவார்கள் இல்லையா, அதிகம் பேர் கோடு போட்ட ஐந்து வரிகள் புத்தகத்தில் சராசரியாக எந்தப் பக்கத்தில் வருகின்றன, அது மொத்தப் பக்கங்களில் எத்தனை சதவீதம் என்று பார்த்தார். எல்லாமே ஆரம்பப் பக்கங்களில் இருந்தால், வாங்கியவர்கள் அதற்குமேல் போகவில்லை என்று அர்த்தம். 1988 இல் ஸ்டீபன் ஹாக்கிங் காலத்தைப் பற்றி எழுதி உலகமே வாங்கிய அந்தப் புத்தகத்துக்கு வந்த எண் 6.6 சதவீதம். கணக்குக்கே ஹாக்கிங் பெயரைத்தான் வைத்தார். இது ஆராய்ச்சி இல்லை, விளையாட்டுத்தான், அவரே அப்படித்தான் சொன்னார். ஆனாலும் எவ்வளவு ஆறுதல் பாருங்கள். அலமாரியில் பாதியில் நிற்கிற புத்தகங்களைப் பார்த்துக் குற்றவாளி மாதிரி நிற்க வேண்டியதில்லை, நம்மோடு பெரிய கூட்டமே நிற்கிறது.

நூலகத் துறைக்கே இலக்கணம் எழுதிய எஸ்.ஆர். ரங்கநாதன் 1931 இல் ஐந்து விதிகள் வகுத்தார். அதில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகர்களுக்குச் சொன்னதுதான், தேடி அலையவிடாமல் புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள் என்ற பொருளில். நான் அதைக் கொஞ்சம் வளைத்து எனக்கே எழுதிக்கொண்டேன். பிடிக்காத புத்தகத்தை மூடிவைப்பதும் வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதுதானே. மூன்றாவது விதியின்படி ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் ஒருவர் இருக்கிறார், அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

மூன்றாவதாக வந்தது எண்ணிக்கை. படித்த புத்தகங்களைக் குறித்துவைக்கிற குட்ரீட்ஸ் இணையதளத்தில் 2011 இல் வருடாந்தர வாசிப்புச் சவால் ஆரம்பித்தது. இந்த வருடம் இத்தனை புத்தகம் என்று ஓர் எண்ணைப் போட்டுவிட்டு அதைத் துரத்த வேண்டும். துரத்துகிறவர்கள் டிசம்பரில் என்ன செய்கிறார்கள் தெரியுமா, ஒல்லியான புத்தகமாகத் தேடிப் படிக்கிறார்கள். தடிமனான புத்தகம் பாவம், அது என்ன தப்பு செய்தது? ஜோர்டன் எட்கின் என்ற ஆய்வாளர் 2016 இல் வெளியிட்ட சோதனைகளில் இதைப் பார்த்திருக்கிறார். படம் வண்ணம் தீட்டுவது, நடப்பது, படிப்பது மாதிரி வேலைகளில் எவ்வளவு செய்தோம் என்று அளந்துகாட்டினால் மக்கள் அதிகமாகச் செய்கிறார்கள், ஆனால் ரசிப்பது குறைகிறது, விளையாட்டாகச் செய்தது வேலை மாதிரி ஆகிவிடுகிறது. சிலருக்கு எண்ணினால்தான் படிக்கவே வரும் என்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எத்தனை பக்கம் மிச்சம் இருக்கிறது என்று நடுவில் விரலால் தடவிப் பார்க்கிற அந்த நிமிடம், அது படிப்பது இல்லை, வாசலில் ஒரு கால் செருப்போடு நிற்பதுதான்.

நல்ல புத்தகத்தில் கடினமான இடங்கள் இருக்கும், பொறுத்துப் போனால்தான் பிடிபடும் என்று சொல்வார்கள், அதுவும் உண்மைதான். அதற்கு என்னிடம் ஒரு வழி உண்டு. கடினம் வேறு, சலிப்பு வேறு. கடினமான பக்கத்தில் திரும்பப் போய் முதல் வரியிலிருந்து படிப்போம். சலிப்பான பக்கத்தில் ஜன்னலைப் பார்ப்போம். ஜன்னலை அடிக்கடி பார்க்கவைத்தால் மூடிவிடுகிறேன், சில வருடம் கழித்து அதே புத்தகம் விடாமல் பிடித்துக்கொண்டதும் உண்டு.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் அப்படித்தான் ஒரு கனமான நாவலைக் கையில் திணித்தார். ரொம்ப நாள் "போயிட்டிருக்கு" சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒருநாள் நேராகப் போய் மேசைமேல் வைத்து, "மன்னிச்சுக்கோப்பா, அந்தக் கப்பல் கிளம்புற இடத்துக்கு மேல என்னால போக முடியலை" என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கும் என்று பார்த்தால் அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "நானும் அங்கேதான்டா நின்னேன். நீ முடிச்சதும் மிச்சக் கதையைக் கேட்டுக்கலாம்னுதான் கொடுத்தேன்."