கதவுச் சங்கிலி போஸ்டர் வந்த கதை

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் திரையில் தெரிகிறதே, அந்த போஸ்டருக்காகத்தான் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தொலைக்காட்சித் தொடருக்குச் செய்தது. பெயர் இன்னும் வெளியாகவில்லை, அதனால் டைட்டிலை மட்டும் மறைத்திருக்கிறேன். கதையைக் கொஞ்சம் சொல்ல அனுமதி வாங்கிவிட்டேன்.

வீட்டைவிட்டுப் போன அப்பா 12 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறார். முக்கியப் பாத்திரங்கள் ஏழு பேர். ஏழு முகமும் போஸ்டரில் இருக்க வேண்டும் என்று தொடர் குழுவினர் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. ஏழு பேருமே நல்ல நடிகர்கள், ஒவ்வொருவருக்கும் கதையில் இடம் இருக்கிறது. நானும் அப்படியே செய்தேன். நடுவில் அப்பா, இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேர், பின்னால் வீடு. பெரிய திரையில் பார்க்க நிறைவாகத்தான் இருந்தது.

அப்புறம் அதை 200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, போனில் மற்ற தொடர்களின் தம்ப்நெயில்களுக்கு, அதாவது சின்ன முகப்புப் படங்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தேன். ஒரு கும்பல் நிற்கிறது. யார், என்ன, எதுவும் தெரியவில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2016-ல் தன் தம்ப்நெயில் படங்களைப் பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டது. எதைப் பார்க்கலாம் என்று தேடும்போது ஒருவர் ஒரு தொடருக்கோ சினிமாவுக்கோ செலவிடும் நேரம் சராசரியாக 1.8 நொடி. படத்தில் மூன்று பேருக்கு மேல் இருந்தால் ஈர்ப்பு குறைகிறது என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். ஏழு முகத்தை 1.8 நொடியில் யார் எண்ணப் போகிறார்கள்?

சரி, மறுபடி ஸ்கிரிப்ட்டுக்குப் போனேன். இந்த முறை பாத்திரங்களை விட்டுவிட்டு, அவர்கள் கை படும் பொருள்களை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டேன். முதல் எபிசோடில் அழைப்பு மணி அடிக்கிறது, மகள் கதவைத் திறக்கிறாள். ஆனால் உள்பக்கச் சங்கிலியைக் கழற்றவில்லை. நான்கு விரல் அகல இடைவெளியில் அப்பாவின் பாதி முகம். அவள் கழற்றுவாளா மாட்டாளா என்பதுதான் முழுத் தொடருமே. அதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. போஸ்டர் அங்கேயே இருந்திருக்கிறது, நான்தான் முகங்களுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காட்சியை வைத்து இன்னொரு போஸ்டர் மாதிரி செய்து, இரண்டையும் ஒரே போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழுவினருக்குக் காட்டினேன். ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களுக்குத் தனித்தனியாகக் கேரக்டர் போஸ்டர் செய்வதாக முடிவானது.

"ஷூட்டிங்கில் எடுத்த காட்சியிலிருந்தே ஒரு ஃபிரேமை எடுத்துக்கொள்ளலாமே" என்று நிறையப் பேர் கேட்பதுண்டு. முழு எச்.டி. ஃபிரேம் ஒன்று 1920-க்கு 1080. கிட்டத்தட்ட 20 லட்சம் பிக்சல். 27-க்கு 40 அங்குல போஸ்டரை 300 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட வேண்டுமென்றால் 8100-க்கு 12000, அதாவது 9 கோடிக்கும் மேல். 4கே ஃபிரேம்கூடப் பக்கத்தில் வராது. அதோடு, ஓடும் காட்சியில் கை அசைந்தால் அந்த ஃபிரேம் மங்கலாகத்தான் இருக்கும். அதனால்தான் போஸ்டருக்கென்று தனியாக ஸ்டில் ஷூட் வைக்கிறோம்.

அந்த ஷூட்டில் மகள், அப்பா, கதவு, சங்கிலி, சுவர் எல்லாவற்றையும் தனித்தனியாகவும் எடுத்துக்கொண்டேன். இதே படம் நெடுக்காக 2:3, குறுக்காக 16:9, போனுக்கு 9:16 என்று மாறி மாறிப் போகும். ஒரே படத்தை வெட்டினால் ஏதாவது ஒன்றில் அப்பாவின் கண் போய்விடும். ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் தனித்தனி அடுக்காக, லேயராக இருந்தால் ஒவ்வொரு அளவுக்கும் நகர்த்தி அடுக்கலாம். ஒளிபரப்பு நாளும் நேரமும்கூடத் தனி லேயரில்தான். அது கடைசி நாள் வரை மாறும்.

டைட்டிலுக்கு வருகிறேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒழுங்காக அடங்கிவிடும். தமிழில் 'கீ' என்றால் மேலே சுழி, 'கூ' என்றால் கீழே வளைவு. இரண்டு வரி டைட்டிலில் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். அழகுக்காக எழுத்து இடைவெளியை அகலப்படுத்தவும் கூடாது. 'கொ' மூன்று துண்டாகப் பிரிந்து, படிப்பவர் தடுக்கி நிற்பார். நான் ஃபான்ட்டை அடிப்படையாக மட்டும் வைத்துக்கொண்டு, எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவக் கோடுகளாக மாற்றி, ஒவ்வொரு எழுத்தையும் கையால் நகர்த்தினேன். அதற்கே இரண்டு நாள்.

அச்சுக்கு ஒரு விஷயம். கதவுக்குப் பின்னால் இருக்கும் அந்த இருட்டுக்குக் கறுப்பு மையை மட்டும் கொடுத்தால் சாம்பல் தட்டிய மாதிரி வெளுத்து வரும். அச்சில் பயன்படும் மற்ற மூன்று வண்ண மைகளையும் கொஞ்சம் கலந்தால்தான் ஆழம் கிடைக்கும். ஆனால் கீழே இருக்கும் பொடி எழுத்துக்குக் கறுப்பு மட்டும் போதும், நான்கு மையும் ஒரு நூல் விலகினால் எழுத்து மங்கிவிடும்.

கடைசியாகச் சங்கிலியைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன், பாருங்கள். கொக்கி மாட்டும் இடத்தில் மட்டும் முலாம் தேய்ந்திருக்கிறது. கலை இயக்கக் குழு வேண்டுமென்றே உரசி வைத்தது அது. ரீடச், அதாவது படத்தைக் கணினியில் சீர்செய்யும் வேலை முடிந்து வந்த படத்தில் புதுச் சங்கிலிபோலப் பளபளவென்று ஆகியிருந்தது. பழைய ஃபைலைத் திறந்து அந்தத் தேய்மானத்தை மட்டும் திரும்பக் கொண்டுவந்தேன். இந்த வீட்டில் 12 வருடமாக ஒவ்வொரு ராத்திரியும் யாரோ அதை மாட்டியிருக்கிறார்கள்.