ஒரு வாளித் தண்ணி போதும், உங்க பேஸ்மென்ட் மூழ்குமான்னு சொல்லிடலாம்!

[காட்சி: பேஸ்மென்ட் மூலை. சிமென்ட் தரையில வட்டமா ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி.]

இந்த மூடிக்குக் கீழ ஒரு குழி இருக்கு. கனடாவுல, டொராண்டோ நகரத்து ஸ்கார்பரோவுல இந்த வீட்ட வாங்கி மூணு வருஷம் வரைக்கும் நான் இதத் தொறந்து பாத்ததே இல்ல. மேல அரிசி மூட்டை அடுக்கி வெச்சிருந்தோம். அப்புறம் ஒரு ஏப்ரல் மாசம் காலைல காபி போட எந்திரிச்சா, கீழ கொலு பொம்மைப் பெட்டி ஈரத்துல ஊறிக் கிடக்கு. தசாவதாரத்துல மச்சமும் கூர்மமும் மட்டும் சந்தோஷமா இருந்திருக்கும், மத்த எட்டுப் பேரும் போச்சு.

வணக்கம் மக்களே! இன்னைக்கு சம்ப் பம்ப், அதாவது பேஸ்மென்ட் குழியில சேருற தண்ணிய வெளிய தள்ளுற மோட்டார். ஸ்கிப் பண்ணாதீங்க, கடைசியில தண்ணி ஊத்தப் போறோம்.

[காட்சி: செய்திப் படங்கள். மூழ்கின நெடுஞ்சாலை.]

2024 ஜூலை 16. டொராண்டோ பியர்சன் விமான நிலையத்துல ஒரே நாள்ல 97.8 மில்லிமீட்டர் மழை. சென்னைக்காரங்க சிரிப்பீங்க, "பத்து சென்டிமீட்டருக்கா இவ்ளோ சீன்?"னு. ஆனா அதுல பெரும்பகுதி சில மணி நேரத்துல கொட்டினது. டான் வேலி பார்க்வேங்கற நெடுஞ்சாலை ஆறா ஓடுச்சு. பாடகர் டிரேக் தன்னோட மாளிகைக்குள்ள சேத்துத் தண்ணி பாயுற வீடியோவ அவரே போட்டார். அவர் வீட்டுலயே அந்த நிலைமைன்னா நம்ம பேஸ்மென்ட் எம்மாத்திரம்!

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் வேற. அன்னைக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல இணைப்புகளுக்குக் கரண்ட் போச்சு. 2013 ஜூலை 8 மழையிலயும் அதே கதை, அப்ப 126 மில்லிமீட்டர், சுமார் 3 லட்சம் இணைப்பு. மழை வந்தா கரண்ட் போறது நம்ம ஊரு வழக்கம்னு நெனச்சு விமானம் ஏறினேன், இங்கயும் அதேதான். சம்ப் பம்ப் எதுல ஓடுது? கரண்ட்ல. அது தேவைப்படுற நேரமும் கரண்ட் போற நேரமும் ஒண்ணு. இத மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வர்றேன்.

[காட்சி: மூடியத் தொறக்கறார். டார்ச் வெளிச்சம் உள்ள.]

சரி, சம்ப்னா என்ன? தமிழ்நாட்டுல வளந்தவங்களுக்கு இங்கதான் குழப்பம். நம்ம ஊர்ல சம்ப்னா மெட்ரோ வாட்டர் வந்து விழுற தொட்டி. அது நிறைஞ்சா வீட்டுல கொண்டாட்டம், காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு மூடியத் தூக்கிப் பாத்து, "வந்துடுச்சு வந்துடுச்சு"ன்னு கத்துவோம். இங்க சம்ப் நிறைஞ்சா ஒப்பாரி. அங்க தண்ணிய வாங்கி மாடிக்கு ஏத்துறோம், இங்க தண்ணியப் பிடிச்சு வெளிய தள்ளுறோம். பழைய அர்த்தத்துக்கு நெருக்கமா இருக்கறது இந்த ஊரு சம்ப்தான். அந்தச் சொல்லோட வேரு சதுப்பு நிலம். ஜெர்மன்ல இன்னைக்கும் சதுப்புக்கு "ஸும்ப்ஃப்". பள்ளிக்கரணைய மூடி அபார்ட்மென்ட் கட்டின ஊர்லேர்ந்து வர்றோம், நமக்கு சதுப்புன்னா என்னன்னு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இந்தக் குழிக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது? அஸ்திவாரத்தச் சுத்தி மண்ணுக்குள்ள ஓட்டை போட்ட ஒரு குழாய் புதைச்சிருப்பாங்க. கனடாவுல அதுக்குப் பேரு "வீப்பிங் டைல்", அழுற ஓடு! முன்னாடி நெஜமாவே சுட்ட மண் ஓட்டுலதான் பண்ணாங்க. இப்ப பிளாஸ்டிக், ஆனா அழுகை மட்டும் மாறல. சுவரச் சுத்தி மண்ணுல தேங்குற தண்ணி அந்த ஓட்டை வழியா உள்ள போய், வழிஞ்சு, இந்தக் குழிக்கு வந்து சேருது.

எனக்குப் பிடிச்ச ஒரு தகவல், வீட்டு மராமத்துக்கு இதால பத்து பைசா பிரயோஜனம் இல்ல. எல்லை தாண்டி அமெரிக்கா போனா ஜல்லி போட்டு வடிகால் வெட்டுறத "ஃபிரெஞ்ச் டிரெயின்"னு சொல்வாங்க. பிரான்ஸுக்கும் அதுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது! அமெரிக்காவுல ஹென்றி ஃபிளாக் ஃபிரெஞ்ச்னு ஒரு வக்கீல், 1859-ல வயல் வடிகால் பத்திப் புத்தகம் எழுதினார், அவர் பேருதான் நெலச்சுடுச்சு. அவரோட பையன் யாரு தெரியுமா? டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச். வாஷிங்டன்ல லிங்கன் நாற்காலியில உக்காந்திருக்கற அந்தப் பெரிய சிலைய வடிச்ச சிற்பி. அப்பா சாக்கடை, மகன் சிலை. சிலையப் பாக்க வருஷா வருஷம் கூட்டம் அலைமோதுது, ஆனா மழை பெஞ்சா யாருக்கு யாரு தேவைன்னு நீங்களே சொல்லுங்க.

[காட்சி: கையில ஒரு கறுப்பு ஃப்ளோட், ஒயரோட.]

இப்ப ஹீரோ என்ட்ரி. ஹீரோ பம்ப் இல்ல, இந்த ஃப்ளோட். மிதவை.

எங்க வீட்டு பம்புக்கு அன்னைக்கு ஒண்ணும் ஆகல. மோட்டார் நல்லா இருந்துச்சு, கரண்ட் இருந்துச்சு. அப்புறம் ஏன் பொம்மை நனைஞ்சுது? பம்ப் ஓடும்போது அதிரும். அதிர அதிர குழிக்குள்ள மெல்ல நகரும். மூணு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா நகந்து சுவர்ப்பக்கம் போயிருக்கு. ஒயர்ல தொங்குற இந்த மிதவை, குழாய்க்கும் குழிச் சுவருக்கும் நடுவுல சிக்கிக்கிச்சு. தண்ணி ஏறுது, இவன் ஏறல. இவன் ஏறாம மோட்டாருக்குச் சேதி போகாது.

மெட்ராஸ்ல மாடித் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் போட்டிருந்தா இத நீங்க பாத்திருப்பீங்க. அதே கறுப்புக் கட்டிதான்! அங்க தொட்டி நிறைஞ்சு மிதவை மேல வந்தா மோட்டார நிறுத்தும். இங்க மேல வந்தா மோட்டாரப் போடும். அங்க வேலைய முடிக்கச் சொல்றான், இங்க ஆரம்பிக்கச் சொல்றான். பழசு ஒண்ண வெச்சிருக்கேன், கேளுங்க.

[ஒலி: மைக் பக்கத்துல ஆட்டுறார். கடகட சத்தம்.]

கிலுகிலுப்பை மாதிரி இருக்குல்ல? உள்ள ஒரு இரும்புக் குண்டு. மிதவை சாயும்போது குண்டு உருண்டு போய் ஒரு சின்ன சுவிட்சத் தட்டுது, அவ்ளோதான். லட்சக்கணக்குல போட்டு வாங்கின வீட்ட ஒரு கோலிக்குண்டு காப்பாத்துது. ரொம்பப் பழைய மாடல்கள்ல குண்டுக்குப் பதிலா பாதரசம் இருக்கும், அதக் குப்பைத்தொட்டியில வீசாதீங்க, ஆபத்தான கழிவு வாங்குற இடத்துல குடுங்க.

குழி ஒடுக்கமா இருந்தா ஒயர்ல ஆடுற மிதவை வேண்டாம்னு நான் சொல்வேன். கம்பியில நேரா ஏறி இறங்குற வகை இருக்கு, அதுக்கு இடம் கம்மியாப் போதும். எங்க வீட்டுல இப்ப அதான். ஆனா அதுலயும் கம்பியில அழுக்கு ஏறினா மாட்டிக்கும். எந்த வகையா இருந்தாலும் மூணு மாசத்துக்கு ஒருக்கா மூடியத் தொறந்து கண்ணால பாக்கணும்.

மிதவைதான் கோளாறான்னு கண்டுபிடிக்க ஒரு வழி. நிறைய பம்புல ரெண்டு பிளக் இருக்கும். மிதவையோட பிளக் சுவர்ல, அதோட முதுகுல பம்போட பிளக். யானை மேல அம்பாரி மாதிரி. ரெண்டையும் உருவிட்டு, பம்ப் பிளக்க மட்டும் நேரா சுவர்ல சொருகுங்க. குழியில தண்ணி இருக்கும்போது சில நொடி மட்டும். மோட்டார் ஓடுச்சுன்னா மோட்டார் நல்லவன், மிதவை கெட்டவன். மிதவைய மட்டும் மாத்துனாப் போதும், புது பம்ப் விலையில ஒரு சின்னப் பங்குதான் ஆகும். கை கால் ஈரமா இருந்தாலோ தரையில தண்ணி நின்னாலோ இந்த வேலையே வேண்டாம், எலெக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க. குழிக்குள்ள கை விடுறதுக்கு முன்னாடி எல்லா பிளக்கையும் உருவணும், இதுல மட்டும் ஜோக் கிடையாது.

[காட்சி: பம்ப வெளிய எடுத்து வாளியில வெச்சிருக்கார்.]

வருஷத்துக்கு ஒருக்கா, பனி உருகறதுக்கு முன்னாடி, பம்ப வெளிய எடுத்து அடியில இருக்கற சல்லடையக் கழுவுங்க. சரளை, முடி, டேப் துண்டு எல்லாம் வரும். எங்க வீட்டுல ஒரு பல்லாங்குழி சோழி வந்துச்சு. குழியில செங்காவி நிறத்துல கொழகொழன்னு இருந்தா அது இரும்பத் தின்னு வாழுற பாக்டீரியா, மிதவையையும் குழாயையும் அடைக்கும். சுரண்டிக் கழுவணும். வினிகர் போடுறவங்க அதோட பிளீச்சக் கலக்காதீங்க, விஷ வாயு வரும்.

[காட்சி: செங்குத்தான வெள்ளைக் குழாய். நடுவுல அம்புக்குறி போட்ட வால்வு.]

இது செக் வால்வ். மேல போன தண்ணி திரும்பி விழாமத் தடுக்கறது. அம்புக்குறி மேல பாக்கணும். தலைகீழா மாட்டியிருந்தா பம்ப் எவ்ளோ முக்கினாலும் ஒரு சொட்டு வெளிய போகாது.

இதுக்குக் கீழ, பம்புக்கு மேல, குழாய்ல ஒரு பொடி ஓட்டை தெரியுதா? பம்ப் ஓடும்போது அதுலேர்ந்து தண்ணி பீய்ச்சி அடிக்கும். இதப் பாத்துட்டு "லீக் ஆகுது"ன்னு எம்சீல் வெச்சு அடைச்ச மகான்கள் உண்டு, நானும் அதுல ஒருத்தன். அது வேணும்னே போட்ட ஓட்டை! ஊர்ல மோட்டார் ஏர் லாக் ஆயிடுச்சுன்னு சொல்வோமே, உள்ள காத்து அடைச்சுக்கிட்டா பம்ப் சும்மா சுத்தும், தண்ணியத் தூக்காது. அந்தக் காத்து வெளிய போக வழிதான் இது. அடைக்காதீங்க, அடைஞ்சிருந்தா குத்தி விடுங்க.

[காட்சி: வீட்டு வெளிப்புறம், பனி. சுவர்லேர்ந்து நீட்டின குழாய்.]

போன பிப்ரவரி. ரெண்டு நாள் வெயிலடிச்சு பனி உருகிச்சு, மூணாம் நாள் மைனஸ் 18. பக்கத்து வீட்டு அண்ணன் போன் பண்றார், யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, ஒருக்கா வந்து பாரும். மோட்டர் விடாமல் ஓடுது, தண்ணி வத்தேல்லை."

"வெளிய பைப்பப் பாத்தீங்களா அண்ணே?"

"வெளியில ஆர் போறது, மைனஸ் பதினெட்டு எல்லோ!"

போய்ப் பாத்தா, கோடையில தோட்டம் வரைக்கும் இழுத்துவிட்ட நெளிநெளிக் கறுப்பு ஹோஸ் அப்படியே மாட்டியிருக்கு. உள்ள முழுக்க ஐஸ். கரும்பு மாதிரி ஒடிஞ்சுது. தண்ணி போக வழியில்ல, மோட்டார் கொதிக்குது. ஹோஸக் கழட்டின உடனே குழாய் வாய்லேர்ந்து தண்ணி பாஞ்சு அண்ணனோட செருப்ப நனைச்சுது, அவருக்கு அப்பவும் சந்தோஷம்தான். குளிர்காலத்துக்கு முன்னாடி அந்த ஹோஸக் கழட்டிடுங்க. தண்ணி சுவர்லேர்ந்து ரெண்டு மீட்டராவது தள்ளி விழணும், இல்லேன்னா அதே தண்ணி மண்ணுல இறங்கி திரும்பக் குழிக்கே வரும், நீங்க பம்புக்கு சம்பளம் குடுத்து ஒரே தண்ணியச் சுத்த விடுறீங்க. நடைபாதை மேல விடாதீங்க, உறைஞ்சு யாராவது வழுக்கி விழுவாங்க. இந்தக் குழாய டாய்லெட் சாக்கடைக் குழாய்ல கோக்கறது பல ஊர்ல சட்டப்படி தப்பு.

இப்ப கரண்ட் விஷயம். மெயின் பம்புக்குப் பக்கத்துல பேட்டரியில ஓடுற இன்னொரு சின்ன பம்ப் வெக்கணும். அதுக்குக் கார் பேட்டரி சரிப்படாது, ரொம்ப நேரம் ஓடி வடிஞ்சாலும் திரும்ப சார்ஜ் ஏத்தித் தாங்குற டீப் சைக்கிள் பேட்டரி வேணும். வீட்டு இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊத்துவோமே, அதே பராமரிப்புதான், மூணிலேர்ந்து அஞ்சு வருஷத்துல மாத்தணும். பேட்டரி இல்லாம நகராட்சிக் குழாய்த் தண்ணியோட அழுத்தத்துல ஓடுற பம்பும் இருக்கு. ஆனா வெள்ளத்த வெளியேத்தக் குடிதண்ணியச் செலவழிக்கறது, லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னு வளந்த எனக்கு மனசு ஒப்பல.

சாக்கடைத் தண்ணி குழாய் வழியா வீட்டுக்குள்ள எதுத்து வர்றதுக்கு சம்ப் பம்ப் மருந்து இல்ல, அதுக்கு பேக்வாட்டர் வால்வ், அது தனி வீடியோ. டொராண்டோ நகராட்சி ரெண்டுக்கும் மானியம் குடுக்குது, தொகை மாறும், வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவங்க தளத்துல விதிகளப் படிங்க. இன்சூரன்ஸ்ல சாக்கடை எதுத்து வர்றதுக்கான காப்பு பெரும்பாலும் தனியாச் சேத்தாத்தான் உண்டு, பாலிசிய இன்னைக்கே எடுத்துப் பாருங்க. பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்கற தம்பி தங்கச்சிங்களே, குழி உங்க ரூம்ல இருந்தாலும் பம்ப் ஓனரோட பொறுப்பு. ஆனா நனையப் போறது உங்க லேப்டாப். "அண்ணா, சம்ப் செக் பண்ணீங்களா?"ன்னு ஒரு மெசேஜ் தட்டி விடுங்க.

[காட்சி: ரெண்டு வாளித் தண்ணி, குழி ஓரத்துல.]

வாக்குக் குடுத்த மாதிரி தண்ணி ஊத்தலாம். தலைப்புல ஒரு வாளின்னு போட்டேன், பொய். 18 அங்குலக் குழியில 20 லிட்டர் வாளிய ஊத்தினா மட்டம் 12 சென்டிமீட்டர்தான் ஏறும். ரெண்டு வேணும், சில வீட்டுல மூணு. "மூணு வாளி"ன்னு தலைப்பு வெச்சா யாரு கிளிக் பண்ணுவா?

மெதுவா ஊத்துங்க. மிதவையப் பாருங்க... ஏறுது... ஏறுது...

[ஒலி: "கிளிக்". மோட்டார் உறுமல். தண்ணி ஏறுற சத்தம். பிறகு "டொக்".]

அந்த "டொக்" கேட்டுச்சா? செக் வால்வ் மூடின சத்தம். போன தண்ணி திரும்பி வரல. மோட்டார் நின்னப்புறமும் அந்தச் சத்தம் வராம குழாய்ல சலசலன்னு தண்ணி இறங்கினா வால்வ் போச்சுன்னு அர்த்தம். மட்டம் இறங்கியும் மோட்டார் நிக்கவே இல்லேன்னா மிதவை மேலயே மாட்டியிருக்கு.

மோட்டார் ஆரம்பிச்சு "டொக்" வரைக்கும் எங்க வீட்டுல 14 செகண்ட். இப்பவே கீழ போய் ஊத்திப் பாத்துட்டு உங்க வீட்டுல எத்தனைன்னு கமெண்ட்ல போடுங்க. அரிசி மூட்டைய மொதல்ல நகத்துங்க.