எதிரே ஆள் இல்லாமல் பாடிப் பழகிய டான்யா தகாக்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரே ஒரு பாடகியைப் பற்றித்தான் பேசப் போகிறேன், டான்யா தகாக். கேட்பதாக இருந்தால் ஹெட்போனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கைபேசி ஸ்பீக்கரில் இவர் குரலின் அடி ஆழம் வரவே வராது.

கனடாவின் வடகோடியில் நுனாவுட் இருக்கிறது, அங்கே கேம்பிரிட்ஜ் பே என்ற சின்ன ஊரில் வளர்ந்த இனுயிட் பெண், அதாவது ஆர்க்டிக் பகுதியின் பழங்குடி இனத்தைச் சேர்ந்தவர். முதலில் கட்டஜ்ஜாக் என்ற இனுயிட் தொண்டைப் பாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் இவர் செய்த காரியத்தின் கனம் தெரியாது. இரண்டு பெண்கள் நேருக்கு நேர், கைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் தொண்டையிலிருந்து ஒரு சிறு ஒலியை எழுப்பித் திரும்பத் திரும்பச் சொல்ல, அவர் விடும் இடைவெளியில் அடுத்தவர் தன் ஒலியைப் போடுவார். மூச்சை விடும்போது மட்டுமல்ல, இழுக்கும்போதும் ஒலி வரும், அதனால் எங்கே ஒரு குரல் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்றே பிடிபடாது. யார் முதலில் சிரிக்கிறாரோ, யாருக்கு மூச்சு முட்டுகிறதோ, அவர் தோற்றார். ஆமாம், இது ஒரு விளையாட்டு. கிறிஸ்தவ மிஷனரிகள் வந்து இதைத் தடுத்ததில் பல ஊர்களில் இந்தப் பாட்டு ஏறக்குறைய அடங்கியே போயிற்று.

தகாக்கும் இதைக் கேட்டு வளரவில்லை. 15 வயதில் யெல்லோநைஃப் உறைவிடப் பள்ளி, அப்புறம் ஹாலிஃபாக்ஸில் ஓவியப் படிப்பு. ஊரைப் பிரிந்து கிடக்கும் மகளுக்கு அம்மா தொண்டைப் பாட்டுக் கேசட்டுகளை அனுப்பி வைத்தார். கேட்டார், பிடித்துப்போயிற்று, ஆனால் எதிரே நின்று பாட ஆள் வேண்டுமே? இல்லை. அதனால் இரண்டு பேர் பங்கையும் தன் ஒரே தொண்டையில் போட்டுப் பழகினார். எனக்கு இந்த இடம்தான் ஒவ்வொரு முறையும் நெஞ்சைப் பிசையும். உலகம் இன்று வியக்கும் அந்தத் தனிப் பாணி, துணை இல்லாத ஒரு மாணவியின் அறையில் பிறந்தது.

ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் இவரைத் தன் 2001 சுற்றுப்பயணத்துக்கு அழைத்துப் போனார், 2004இல் வந்த 'மெடுல்லா' ஆல்பத்திலும் பாட வைத்தார். அது கிட்டத்தட்ட முழுக்க மனிதக் குரல்களாலேயே ஆன ஆல்பம், அதில் தகாக் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். 2005இல் தன் முதல் ஆல்பம் 'சினா', 2008இல் 'ஆக்', அதாவது ரத்தம். க்ரோனோஸ் குவார்டெட் என்ற நால்வர் தந்தி இசைக்குழுவோடும் மேடையேறினார்.

சரி, 'அனிமிசம்' ஆல்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். 2014. ஜெஸ்ஸி சுபோட்டின் வயலின், ஜான் மார்ட்டினின் டிரம்ஸ், நடுவில் இவர் குரல் உறுமுகிறது, விம்முகிறது, குழந்தை போலச் சிணுங்குகிறது, அடுத்த நொடியே பாறை பிளப்பது போல வெடிக்கிறது. கடைசிப் பாட்டின் பெயர் 'ஃபிராக்கிங்', நிலத்தைத் துளைத்து எரிவாயு எடுப்பதைப் பற்றியது, அதில் அந்த நிலமே வலியில் முனகுவது போல இருக்கும். என்னால் ஒரே மூச்சில் கேட்க முடியவில்லை, இரண்டு முறை நிறுத்தினேன். அந்த ஆல்பத்துக்குக் கனடாவின் சிறந்த ஆல்பத்துக்கான போலாரிஸ் பரிசு கிடைத்தது, போட்டியில் ராப் பாடகர் டிரேக்கும் ஆர்கேட் ஃபயர் என்ற ராக் குழுவும் இருந்தார்கள். பரிசு விழா மேடையில் இவர் பாடும்போது பின்திரையில் காணாமல் போன, கொல்லப்பட்ட பழங்குடிப் பெண்களின் பெயர்கள், ஏறத்தாழ 1,200 பெயர்கள், ஓடிக்கொண்டே இருந்தன. தயவுசெய்து அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள்.

பிறகு 2016இல் 'ரெட்ரிபியூஷன்', 2022இல் 'டங்ஸ்'. பின்னதில் சொற்கள் அதிகம், கோபமும் ஒளிவுமறைவு இல்லாமல் வரும்.

இன்னொன்று. 1922இல் வந்த 'நானூக் ஆஃப் த நார்த்' என்ற மௌனப் படத்தில், ஒரு இனுயிட் மனிதர் கிராமபோனை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பது போல அந்த இசைத்தட்டைக் கடிக்கும் காட்சி வரும். நடிக்கச் சொல்லி எடுத்தது அது. டொராண்டோ திரைப்பட விழா கேட்டுக்கொண்டதால் 2012 முதல் அந்தப் படம் திரையில் ஓட ஓட, கீழே நின்று தகாக் நேரடியாகப் பாடுகிறார். இசைத்தட்டே தெரியாதவர்கள் என்று காட்டப்பட்ட மக்களிடமிருந்து வந்தவர், அந்தப் படத்துக்கே குரல் கொடுக்கிறார்.

புதிதாகக் கேட்பவர்கள் 'சினா'வில் தொடங்குங்கள், 'அனிமிசம்' அப்புறம். கேட்டுவிட்டு எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று கீழே எழுதுங்கள்.