இனிப்புக்கு ஒரு நேரம்

எல்லோருக்கும் வணக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய பேச்சில் கலோரிக் கணக்கு வராது, எடைக் கணக்கும் வராது. அந்த எண்கள் காதில் விழுந்தால் சிலருக்கு நாள் முழுக்க அதே நினைப்பாகிவிடும். அவர்களும் இந்த அரங்கில் இருக்கலாம். அவர்களுக்காகத்தான், உண்ணும் கோளாறோடு போராடுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சே.

சாப்பாட்டோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: "மற்றதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். இனிப்பு மட்டும்தான் முடியவில்லை. அதை எப்படி நிறுத்துவது?" நான் திருப்பிக் கேட்பேன்: "இன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" கொஞ்ச நேரம் பதில் வராது. அப்புறம், "காபி குடித்தேன்" என்பார்கள். மதியம்? "பெரிதாகப் பசிக்கவில்லை, ஏதோ கொஞ்சம்." சரி, இனிப்பு எப்போது? "ராத்திரி 10 மணிக்கு மேல், எல்லோரும் தூங்கின பிறகு."

பாதி விஷயம் இந்தப் பதிலிலேயே இருக்கிறது. பகல் முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பு ராத்திரியில் கேட்கிறது. நாம் ஓய்ந்து உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மூளைக்கே போகிறது. மூளையின் முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். அது சீக்கிரம் கிடைக்கும் பொருள்மேல் மனம் போவதில் ஆச்சரியமே இல்லை. உடம்பு தன் வேலையைச் செய்கிறது; நாமோ அதற்கு நாக்கு ருசி, மனக்கட்டுப்பாடு இல்லாமை என்றெல்லாம் பெயர் வைத்து நம்மையே திட்டிக்கொள்கிறோம்.

1944-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றிக் கொண்டுவருவது என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம். மனசாட்சி இடம் தராததால் போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமாக இருக்கிறவர்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு வழக்கமான சாப்பாட்டில் ஏறத்தாழ பாதிதான் கிடைத்தது.

என்ன ஆனது? எப்போது பார்த்தாலும் பேச்சு சாப்பாட்டைப் பற்றியே. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். தட்டை நக்கினார்கள். சிலர் ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் சிலருக்கு வயிறு நிறைந்தது, பசி மட்டும் அடங்கவில்லை. யாரும் சாப்பாட்டுச் சிக்கலோடு அங்கே வரவில்லை, குறைத்துச் சாப்பிட்டதுதான் அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுபோனது. தன்னிடம் ஏதோ கோளாறு என்று குமைகிற யாரைப் பார்த்தாலும் எனக்கு இந்த 36 பேரைப் பற்றிச் சொல்லத் தோன்றும்.

பட்டினி கிடக்கவே வேண்டாம், "இது கூடாது" என்ற சட்டம் மனதில் இருந்தாலே போதும் என்று காட்டிய ஆய்வும் உண்டு. 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவிகள் சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்தார்கள். பிறகு, ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்று ஐஸ்கிரீமை வைத்தார்கள். உணவுக் கட்டுப்பாடு இல்லாதவர்கள், மில்க்ஷேக் குடித்திருந்ததால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ அதைக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். "இன்னைக்குத்தான் எல்லாம் போச்சே, நாளையிலிருந்து பார்த்துக்கலாம்." இந்த வாக்கியம் உங்களில் பலருக்கு மனப்பாடமாகவே இருக்கும்.

"சர்க்கரை போதைப்பொருள் மாதிரி" என்று சொல்லி எலிச் சோதனையை உதாரணம் காட்டுவார்கள். அதையும் முழுசாகப் பார்க்க வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த அந்தச் சோதனைகளில், தினமும் 12 மணி நேரம் பட்டினி போட்டுவிட்டுப் பிறகு சர்க்கரைத் தண்ணீர் வைத்த எலிகள்தான் வெறிபிடித்தாற்போல் குடித்தன. எந்நேரமும் சர்க்கரைத் தண்ணீர் கிடைத்த எலிகளிடம் அந்த மாதிரி நடத்தை உருவாகவில்லை. மேடைகளில் இந்தப் பட்டினிப் பகுதியை விட்டுவிட்டு மற்றதைச் சொல்வது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் மறுநாளே இனிப்பை அடியோடு நிறுத்துகிறார். அப்புறம் நாலாம் நாள் ராத்திரி என்ன நடக்கும்?

நடப்பது இதுதான். ஃப்ரிட்ஜில் மீதி கேக் இருக்கிறது. விளக்கைப் போடாமல் கதவைத் திறக்கிறார், உள்ளிருந்து வரும் வெளிச்சம் போதும். வெட்டிய பக்கம் கோணலாக இருக்கிறதாம், அதைச் சரி செய்ய ஓரத்தில் மெல்லிசாக ஒரு சீவல். இப்போது இந்தப் பக்கம் கோணல், இன்னொரு சீவல். தட்டு எடுக்கவில்லை, உட்காரவில்லை; தட்டும் நாற்காலியும் வந்துவிட்டால் அது சாப்பிட்டதாகக் கணக்காகிவிடும். கால் மணி நேரத்தில் அட்டை மட்டும் மிஞ்சுகிறது. அந்த அட்டையை மடித்துக் குப்பைத் தொட்டியின் அடியில், மற்றக் குப்பைக்குக் கீழே தள்ளுகிறார். இவ்வளவு கேக்கையும் தின்றும் அதை ருசித்தீர்களா என்று கேட்டால், இல்லை என்பார்.

அப்படியானால் என்ன செய்வது? இனிப்பைத் தொடுவதற்கு முன் சாப்பாட்டைச் சரிசெய்யுங்கள். உண்ணும் கோளாறுகளுக்கான சிந்தனை-நடத்தைச் சிகிச்சையை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சை) வகுத்த கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் முதல் கட்டத்திலேயே வைத்ததும் இதைத்தான்: ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பாடு, இடையில் இரண்டோ மூன்றோ சிற்றுண்டி, சுமார் 4 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. பசித்தாலும் சரி, பசிக்காவிட்டாலும் சரி. நீண்ட நாள் தவிர்த்தே பழகியவருக்குப் பசி, நிறைவு என்ற இரண்டு உணர்வுமே குழம்பிப் போயிருக்கும். அது தெளியும் வரை கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்தது, இனிப்புக்கும் அந்த அட்டவணையில் ஓர் இடம் கொடுப்பது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகோ, மாலைச் சிற்றுண்டியோடோ, வயிறு காலியாக இல்லாத ஒரு நேரம். தட்டில் வைத்து, உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில், முடிந்தால் கூட ஒருவர் இருக்கும்போது. உங்களுக்கு நிஜமாகவே பிடித்த இனிப்பாக இருக்கட்டும். சாக்லேட்டுக்கு ஏங்குகிறவர் அதற்குப் பதில் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டால் பழத்தையும் தின்பார், பிறகு சாக்லேட்டையும் தேடிப் போவார். நாளைக்கும் இது உண்டு என்ற உறுதி மனதில் ஊறுவதற்குச் சில வாரங்களோ மாதங்களோ பிடிக்கும். ஆரம்பத்தில் பயமாகத்தான் இருக்கும்.

எல்லோரும் நாளைக்கே பெரிய டப்பாவை வாங்கி வீட்டில் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு முதல் கட்டத்தில் வெளியே போய் ஒன்றை மட்டும் வாங்கி அங்கேயே சாப்பிடுவதுதான் நல்லது. எந்த வேகத்தில் போவது என்பதை உங்கள் சிகிச்சையாளரோடு பேசி முடிவு செய்யுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இனிப்புக்கு இடம் உண்டு, ஆனால் மருந்து அளவையும் நேரத்தையும் மருத்துவர் சேர்த்துத் திட்டமிட வேண்டும். எடை குறைவதற்காக இன்சுலினைக் குறைப்பதோ தவிர்ப்பதோ உயிருக்கே ஆபத்து. அப்படிச் செய்துகொண்டிருந்தால் தாமதிக்காமல் இன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சாப்பிட்ட பிறகு தாமாகவே வாந்தியை வரவழைத்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதனால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். மயக்கம், படபடப்பு, நெஞ்சு வலி எது வந்தாலும் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

எவ்வளவு திட்டமிட்டாலும் ஒரு ராத்திரி தவறும். மறுநாள் காலைச் சாப்பாடுதான் அப்போது முக்கியம். ஈடுகட்டுகிறேன் என்று அதைத் தவிர்த்தால் அடுத்த ராத்திரிக்கு அப்போதே வழி செய்தாயிற்று. பசியில்லாவிட்டாலும் வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிடுங்கள்.

குடும்பத்தாருக்கு நான் அதிகம் சொல்லப் போவதில்லை. இனிப்பைப் பூட்டி வைக்காதீர்கள், எத்தனை மீதி என்று எண்ணாதீர்கள், "இவ்வளவா சாப்பிடப் போற?" என்று கேட்காதீர்கள். சாப்பிடும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேறு எதையாவது பேசுங்கள்.

ஆள் ஒல்லியாக இருந்தால்தான் உண்ணும் கோளாறு என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். கட்டுப்பாடு இழந்து அளவுமீறி உண்ணும் கோளாறு 2013-லேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் தனி நோயாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. எந்த உடல்வாகு உள்ளவருக்கும் அது வரலாம். ஆகவே "உங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்று ஒரு மருத்துவர் சொன்னால், இன்னொருவரைப் பாருங்கள். வாய்விட்டுச் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்: வாரத்துக்கு எத்தனை முறை நடக்கிறது, அதற்கு முன் எவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருந்தேன், பிறகு என்ன செய்கிறேன். எடை பார்க்கும்போது எண்ணைச் சொல்ல வேண்டாம் என்றும் அதே தாளில் எழுதலாம், அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.