எலிசபெத் கோண்டாவிலில் பிறந்திருந்தால்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன்: "பழைய காதல் நாவல்களை இந்தக் காலத்துக்கு மாற்றித் திரும்ப எழுதுகிறார்கள். சிலர் கொண்டாடுகிறார்கள். மூலத்தை வாசித்தவர்கள் திட்டுகிறார்கள். ஏன் இந்தக் கோபம்? மூலத்தை வாசிக்காமல் புதியதை எடுக்கலாமா?"

இரண்டு கேள்வி. முதலாவதில்தான் எனக்குக் கதைக்க நிறைய இருக்கிறது.

மற்றவருடைய கதையை எடுப்பதே பிழை என்பவர்களுக்கு ஒரேயொரு தகவல். ஈழத்துத் தமிழ் நாவல் நடை பழகிய காலத்தில், 1891 இல், திருகோணமலை இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யைக் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் காலங்காலமாகச் சொல்லிவந்த ஓர்சன், வலன்ரைன் என்ற இரட்டைச் சகோதரர் கதைதான் அது. ஆகவே நாங்களும் இதில் புதியவர்கள் இல்லை.

சரி, கோபத்துக்கு வருவோம். உடுப்பை மாற்றியதற்கோ, கடிதத்துக்குப் பதிலாக வொட்ஸ்அப் வந்ததற்கோ யாரும் உண்மையில் கோபப்படுவதில்லை என்று நினைக்கிறேன். கதைக்குள் ஒரு பயம் இருந்தது. புதிய புத்தகத்தில் அதைக் காணவில்லை. அதுதான் உறுத்துகிறது.

ஜேன் ஒஸ்ரின் 1813 இல் வெளியிட்ட 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' நாவலை எடுங்கள். ஒரு வீட்டில் ஐந்து பெண்பிள்ளைகள். இரண்டாவது மகள் எலிசபெத்தான் கதாநாயகி. தகப்பன் கண்ணை மூடினால் வீடும் காணியும் கொலின்ஸ் என்ற தூரத்து ஆண் உறவினருக்குப் போய்விடும். தாய் "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று பறப்பதைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் அந்த மனுசி தெருவில் நிற்கப்போகிற பயத்தில் பறக்கிறார்.

இதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து யாழ்ப்பாணத்தில் வையுங்கள். முதல் அத்தியாயத்திலேயே கதை நொண்டும். இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் பதிந்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழமைச் சட்டத்திலேயே தாயின் சீதனம் மகள்மாருக்குத்தான் போகிறது. கொலின்ஸ் வந்து "இந்த வீடு எனக்கு" என்றால் அம்மம்மா விளக்குமாற்றோடு எழும்புவார்.

அப்படியென்றால் இங்கே பயம் இல்லையா? ஏன் இல்லை. ஐந்து பெண்கள், ஒரு வீடு! மூத்தவளுக்கு வீட்டை எழுதியாயிற்று, மற்ற நாலு பேருக்கும் என்ன? ஒருத்திக்குத் தோட்டக் காணி, இன்னொருத்திக்கு லண்டன் மாமா அனுப்புகிறேன் என்று சொன்ன காசு, மற்ற இரண்டு பேருக்கும் ஆண்டவன். மூலத்தில் புத்தக அறைக்குள் போய் ஒளிக்கிற அந்தத் தகப்பன், இங்கே பின்வளவில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே நிற்பார். வருடம் பத்தாயிரம் பவுண் வருமானமுள்ள கதாநாயகன் டார்சி? ரொறன்ரோவில் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, வெயிலையும் சனத்தையும் பார்த்து முகம் சுளிக்கிற ஒருவர். யாராவது இதை எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குகிறேன்.

கேட்டிஸ் சிட்டன்ஃபெல்ட் 2016 இல் 'எலிஜிபிள்' என்று எழுதினார். அதே குடும்பம், ஆனால் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம். மூத்தவள் ஜேனுக்கு நாற்பது நெருங்குகிறது, எலிசபெத்துக்கு 38. மூலத்தில் எலிசபெத்துக்கு 21 கூட ஆகவில்லை. என் சிநேகிதி ஒருத்தி பாதியில் புத்தகத்தை மூடிவிட்டாள். "பிள்ளையைக் கிழவியாக்கிப் போட்டார்கள்" என்றாள். எனக்கோ அது சரியான கணக்காகப் பட்டது. மூலத்தில் தோழி சார்லட் 27 வயதில், இனி ஒருவரும் வரமாட்டார் என்றுதான் கொலின்ஸைக் கட்டுகிறாள். இன்றைய அமெரிக்காவில் 27 யாரைப் பயப்படுத்தும்? வயதைக் கூட்டினால்தான் அந்தப் பயம் திரும்ப வரும். (யாழ்ப்பாணத்தில் கூட்டத் தேவையில்லை. 27 என்றால் தரகர் சாதகக் கட்டோடு ஏற்கெனவே வாசலில்.) கடைசித் தங்கை ஓடிப்போகிற கட்டமும் அப்படித்தான். அங்கே இன்றைக்கு அதில் பாரம் ஏற்றுவது கஷ்டம். இங்கே ஒருத்தி ஓடினால் மற்ற நாலு பேரின் சம்பந்தமும் குழம்பும்.

2009 இல் ஒஸ்ரினுடைய வசனங்களுக்கு நடுவே நடமாடும் பிணங்களை விட்டு ஒரு புத்தகம் வந்தது. அது பகிடி. அதற்குக் கோபப்படுவது வீண்.

ஆனால் இன்னொரு விதமான கோபம் இருக்கிறது. அது வாசிக்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. ஒஸ்ரினின் 'சென்ஸ் அன்ட் சென்சிபிலிட்டி' (1811) கதையைத்தான் 2000 இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' என்று தமிழ்ப் படமாக்கினார்கள். நாவலில் கர்னல் பிராண்டன் கிழக்கிந்தியப் பக்கம் போய்வந்த படை அதிகாரி. அந்தத் தூரதேசம் கதையில் ஓரிரு வரியோடு முடிந்துவிடும். படத்தில் அவர் மம்மூட்டி, இலங்கைச் சண்டையில் காலை இழந்த இந்திய இராணுவ அதிகாரி. அதாவது இப்போது அந்தத் தூரதேசம் நாங்கள்.

இந்திய அமைதிப்படை 1987 முதல் 1990 வரை இங்கே நின்றது. எங்கள் வீட்டில் படம் போட்டபோது, அந்தச் சண்டைக் காட்சியில் பெரியம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். தேத்தண்ணி ஒருவரும் கேட்கவில்லை. பாட்டு வந்ததும் திரும்ப வந்து முழுவதையும் பார்த்தார், ரசித்தார். முடிந்த பிறகு, "நல்ல மனுசன்தான். ஆனால் கால் போன ஊரில் மற்ற ஆட்களுக்கு என்ன போனது என்று ஒருத்தரும் கேட்கவில்லையே" என்றார். சென்னையில் படம் பார்த்த ஒருவருக்கு இது தோன்றியே இருக்காது. அவரில் குற்றமும் இல்லை.

பெரியம்மா கேட்டதைப் போல ஒரு கேள்வியைத்தான் ஜீன் ரீஸ் ஒரு நாவலாகவே கேட்டார். சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' (1847) கதையில், கதாநாயகன் ரொச்செஸ்டர் தன் முதல் மனைவியை மாடியில் பூட்டி வைத்திருக்கிறார். ஜமேக்காவில் இருந்து வந்த பெண். கத்துவாள், கடிப்பாள், நெருப்பு வைப்பாள். அவள் பக்கத்து நியாயம் என்று ஒரு வரி இல்லை. கரீபியன் தீவான டொமினிக்காவில் பிறந்த ரீஸ், 1966 இல் 'வைட் சர்காசோ சீ'யில் அவளைப் பேசவைத்தார். அதை வாசித்த பிறகு ரொச்செஸ்டரோடு என்னால் பழையபடி ஒட்ட முடியவில்லை. பதினாறு வயதில் எவ்வளவு உருகியிருப்பேன் அந்த ஆளுக்காக! எனக்கும் ரீஸில் கொஞ்சம் கோபம்தான், மறைக்கவில்லை.

அப்புறம் இரண்டாவது கேள்வி. ஒஸ்ரின் கதைகளில் எதை முதலில் எடுத்தாலும் பரவாயில்லை. யார் யாரைக் கட்டுவார் என்று முன்பே தெரிந்தாலும் அவருடைய நக்கல் குறையாது. 'ஜேன் அயர்' மட்டும் மூலத்தில் இருந்தே தொடங்குங்கள். மேல்மாடியில் இருந்து வருகிற அந்தச் சிரிப்பு யாருடையது என்று தெரியாமல் ஒருதடவை வாசிக்க வேண்டும், தங்கச்சி. நான் இப்போதே பாதியைச் சொல்லிப்போட்டேன், மன்னிக்க வேண்டும்.