கொசுவுக்கு வயதாகாமல் இருந்தால் போதும்

நண்பர்களே, டெங்கு நோயாளியின் ரத்தத்தைக் குடித்த ஏடிஸ் கொசு உடனே இன்னொருவரைக் கடித்தால் நோய் தொற்றிவிடும் என்று பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குடலுக்குள் போன டெங்கு வைரஸ் அங்கே பெருகி, உடம்பெல்லாம் பரவி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேர ஏறக்குறைய 8 முதல் 12 நாள் ஆகிறது. மலேரியாக் கிருமிக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ஆக, ஆபத்தானது வயதான பெண் கொசு. அதற்கு அந்த வயது வராமல் செய்துவிட்டால் போதும், கடித்தாலும் நோய் வராது.

இதைச் செய்யக்கூடியது டென்சோவைரஸ். கொசுவுக்கே இயற்கையாக வரும் வைரஸ் இது. குறுக்களவு 20 நானோமீட்டர் அளவுதான். தண்ணீரில் தொற்றும் இளம் புழுக்களில் நிறைய செத்துவிடும். கொஞ்சம் வளர்ந்த புழுக்களில் சில தப்பிப் பிழைத்துக் கொசுவாகும். ஆனால் ஆயுள் குறையும். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை தருவதே இந்தத் தப்பிப் பிழைத்தவைதான். ஏடிஸ் தன் முட்டைகளை ஒரே இடத்தில் போடாது; நாலைந்து இடங்களில் பிரித்துப் போடும். மருந்தடிப்பவர் கண்ணுக்குத் தெரியாத மூலையில் தேங்கிய தண்ணீர் கூட அதற்குத் தெரியும். வைரஸையும் அங்கெல்லாம் அதுவே கொண்டு சேர்க்கும்.

கியூலெக்ஸ் கொசுவைக் கொல்லும் பாக்குலோவைரஸின் கதை வேறு. 1997இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கால்நடைக் கழிவுநீர் தேங்கிய இடத்தில் அது கிடைத்தது. தொற்றிய புழுவை லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுக்குடல் வெள்ளை வெள்ளையாகத் தடித்திருக்கும். மூன்று நான்கு நாளில் புழு செத்துவிடும். ஆனால் எல்லாத் தண்ணீரிலும் இது தொற்றாது. தண்ணீரில் மெக்னீசியம் இருக்க வேண்டும். கால்சியம் இருந்தால் தொற்று தடைபடும். வைரஸ் மட்டும் கையில் இருந்து பயனில்லை, புழு வாழும் தண்ணீரையும் படிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்த கண்டுபிடிப்பு இது.

இரிடோவைரஸ் என்று ஒன்று உண்டு. தொற்றிய புழு வானவில் போல மினுமினுக்கும், பிறகு சாகும். ஆனால் இயற்கையில் மிகச் சில புழுக்களுக்கே வருவதால், கட்டுப்பாட்டுக்கு அவ்வளவாக உதவாது.

சரி, இவை ஏன் இன்னும் பரவலாகக் கைக்கு வரவில்லை? கொசுப் புழுவைக் கொல்லும் பிடிஐ (Bti) பாக்டீரியாவைத் தொட்டியில் ஊட்டம் போட்டு டன் கணக்கில் வளர்க்கலாம். வைரஸுக்கோ உயிருள்ள புழு வேண்டும், இல்லையென்றால் ஆய்வகத்தில் வளர்த்த கொசு உயிரணு வேண்டும். செலவு ஏறிவிடுகிறது. அப்புறம், சோதிக்கும் முறை. பூச்சிமருந்தைப் போல 24 மணி நேரத்தில் எத்தனை செத்தன என்று எண்ணினால் டென்சோவைரஸ் தோற்றுத்தான் போகும். அதற்கு வைக்க வேண்டிய தேர்வே வேறு: வைரஸ் விட்ட இடத்தில் பிடிபடும் பெண் கொசுக்களில் பத்து நாளைத் தாண்டியவை எத்தனை என்று பார்க்க வேண்டும்.