டாக்மார்: அசையாத பேரரசி

வணக்கம் நேயர்களே. ரஷ்யப் பேரரசி மரியா ஃபியோதரோவ்னாவைக் 'கடைசி ஜாரின் தாய்' என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். எடுத்த முடிவிலிருந்து இம்மியும் அசையாத அந்தப் பெண்மணியைத் தனியாகவே அறிந்துகொள்ள வேண்டும்.

டாக்மார் என்ற பெயருடன் 1847 நவம்பர் 26 அன்று கோபன்ஹேகனில் பிறந்தார். தந்தை கிறிஸ்டியன் வசதி குறைந்த இளவரசர். பெண்பிள்ளைகள் தங்கள் உடைகளைத் தாங்களே தைத்தார்கள். 1863 என்ற ஒரே ஆண்டு எல்லாவற்றையும் மாற்றியது. அக்காள் அலெக்சாண்ட்ரா பிரிட்டிஷ் பட்டத்து இளவரசரை மணந்தார். அண்ணன் கிரேக்க மன்னரானார். தந்தை டென்மார்க்கின் அரியணை ஏறினார். மறு ஆண்டே பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசும் ஆஸ்திரியாவும் டென்மார்க் மீது போர் தொடுத்து ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளைப் பறித்துக்கொண்டன. அந்தக் கசப்பு டாக்மாரின் மனத்தில் கடைசிவரை இருந்தது.

1864-இல் ரஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கோலாயுடன் நிச்சயதார்த்தம் நடந்தது. மூளைக்காய்ச்சல் கண்டு 1865 ஏப்ரலில் அவர் நீஸ் நகரில் இறந்தார். அடுத்த வாரிசான தம்பி அலெக்சாண்டர் 1866-இல் டாக்மாரைப் பெண் கேட்டார். லூதரன் சபையிலிருந்து ஆர்த்தடாக்ஸ் சபைக்கு மாறி, மரியா ஃபியோதரோவ்னா என்ற பெயரை ஏற்றார் டாக்மார். குளிர்கால அரண்மனையில் திருமணம். அந்தத் தேதி சில நூல்களில் அக்டோபர் 28, சிலவற்றில் நவம்பர் 9 என்றிருக்கும். இரண்டும் சரியே. ரஷ்யாவின் பழைய ஜூலியன் நாட்காட்டி அந்த நூற்றாண்டில் 12 நாள் பின்தங்கியிருந்தது. 1900-க்குப் பிறகு 13 நாள். இதைக் கவனிக்காமல் தேதிகளைக் கலந்தால் நிகழ்ச்சிகளின் வரிசையே குலைந்துவிடும்.

1881-இல் மாமனார் இரண்டாம் அலெக்சாண்டர் வெடிகுண்டுக்குப் பலியானதும் கணவர் மூன்றாம் அலெக்சாண்டராக அரியணை ஏற, இவர் பேரரசியானார். அனாதை இல்லங்கள், பெண்கள் பள்ளிகள், மருத்துவமனைகள் அடங்கிய பெரிய அறநிலையத் துறை இவர் பொறுப்பில் இருந்தது. 1894-இல் கணவர் சிறுநீரக நோயால் 49 வயதில் காலமானார்.

இவரது உறுதியை முழுமையாகக் காட்டுவது கிரிமியாதான். புரட்சிக்குப் பின், 1918-இல், துல்பெர் மாளிகையில் காவலில் வைக்கப்பட்டார். யால்டா நகரின் சோவியத், அதாவது உள்ளூர்ப் புரட்சி மன்றம், அங்கிருந்த அரச குடும்பத்தினரைக் கொல்லத் துடித்தது. செவஸ்தபோல் சோவியத் அனுப்பிய காவல் தலைவர் ஸதரோஷ்னியோ, மேலிட உத்தரவில்லாமல் யாரையும் ஒப்படைக்க மறுத்தார். கடைசியில் ஜெர்மன் படை வந்து காவலை நீக்கியது. தம்மை விடுவித்த ஜெர்மன் அதிகாரிகளைச் சந்திக்கவும் பேரரசி சம்மதிக்கவில்லை. 1864 போரை அவர் மறக்கவில்லை!

1919 ஏப்ரலில் அவரை அழைத்துப்போக மார்ல்பரோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்தது. அகதிகளாகத் தவித்த மற்றவர்களையும் ஏற்றினால்தான் புறப்படுவேன் என்றார். அந்த நிபந்தனை ஏற்கப்பட்டது. பிறகு டென்மார்க்கில், அக்காளும் தாமும் சேர்ந்து வாங்கியிருந்த விடோரே வீட்டில் வாழ்ந்தார். மகன் நிக்கோலாஸும் அவர் குடும்பமும் கொல்லப்பட்டதை வெளிப்படையாக அவர் ஏற்கவே இல்லை.

1928 அக்டோபர் 13 அன்று மறைந்த அவரை ரோஸ்கில்டே பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். கணவர் அருகில் துயில வேண்டும் என்ற அவரது விருப்பம் 2006 செப்டம்பர் 28 அன்று நிறைவேறியது. செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் பீட்டர்-பால் பேராலயத்தில் இப்போது மூன்றாம் அலெக்சாண்டரின் பக்கத்திலேயே அவரது கல்லறை இருக்கிறது.